நாடகத்துல செத்தவனுக்கு ஒரு குதிரை விருந்து

எலெமெஸ்னு ஒரு ஆள் பொறக்கவே இல்ல. ஆனா அவன் செத்து வருஷம் ஒண்ணு ஆயிடுச்சுன்னு அக்கும் கூட்டுப்பண்ணையில கொழுத்த குதிரை ஒண்ண அடிச்சு, வரிசையா கம்பளிக் கூடாரம் போட்டு, பந்தயம், மல்யுத்தம்னு ஊரே திரண்டு நினைவு விருந்து வெச்சாங்க. பக்கத்துப் பண்ணைல இருந்தெல்லாம் ஜனம் வந்துச்சு. சாப்பிட்டாங்க, அழுதாங்க, மறுபடி சாப்பிட்டாங்க. இதுல பெரிய விஷயம் என்னன்னா, வந்தவங்கள்ல ஒருத்தர்கூட ஏமாளி கிடையாது!

அந்த எலெமெஸை உண்டாக்கினவர் தபில்டி. நாடகம் எழுதுறவர். ஒரே ஒரு நாவலும் எழுதியிருக்கார். சிர்தரியா ஆத்தங்கரைல இருக்கற ஒரு சின்ன டவுன் நாடகக் குழுவுல வேலை.

தபில்டின்னா 'கிடைச்சான்'னு அர்த்தம். பெரும்பஞ்ச காலத்துல ஒரு ரயில்வே ஸ்டேஷன் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி கிடைச்ச புள்ள. வயசு மூணா நாலான்னுகூடத் தெரியாது. அநாதை விடுதியில பேர் எழுதுற அம்மா "அப்பா பேரு?"ன்னு கேட்டுட்டு, பதில் சொல்ல ஆளில்லாம சுத்தும் முத்தும் பாத்தாங்க. அந்தக் கட்டடத்துல இருந்த ஒரே ஆம்பள சமையல்காரர் தாராஸ், உக்ரைன்காரர். அவர் பேரையே எழுதிட்டாங்க. அன்னிக்கு வந்த அத்தன புள்ளைங்களுக்கும் அவர்தான் அப்பா. பாவம், தாராஸுக்குக் கல்யாணம்கூட ஆகல. கஞ்சி ஊத்துறப்ப ஒவ்வொருத்தனையும் பாத்து "வாடா மகனே"ன்னு கேலியா சிரிப்பார். கொஞ்ச நாள்ல அவருக்கே அது கேலியா இல்லாமப் போச்சு.

ஆனா நம்ம சிர்தரியாப் பக்கத்து ஆளுங்ககிட்ட ஒரு அப்பன் பேர வெச்சுகிட்டு ஒண்ணும் பண்ண முடியாதே! டீ குடிக்க உக்காந்தாலே முதல் கேள்வி, "எந்த வம்சம்பா? ஏழு தலைமுறை சொல்லு பாப்போம்." நடக்கத் தெரிஞ்ச புள்ள அப்பன், தாத்தன், பாட்டன்னு ஏழு பேரையும் கடகடன்னு ஒப்பிக்கும். ஏழு பேருக்குள்ள பொதுவா ஒருத்தர் வந்துட்டா கல்யாணம் கிடையாது. தபில்டிகிட்ட கேட்டா, "எனக்கு அப்பா உக்ரைன்காரர், தாத்தா ரயில்வே இலாகா"ன்னு சொல்லிச் சிரிக்க வெப்பார். எல்லாரும் சிரிச்சு முடிச்சதும் மெல்ல எழுந்து வெளிய போயிடுவார்.

குல்பாஷைப் பொண்ணு கேட்டப்ப அந்தச் சிரிப்பு செல்லல. அவ அப்பா கை விரிச்சுட்டார். "தம்பி, நீ நல்லவன்தான். ஆனா நீ எங்க வம்சத்துப் புள்ளையாவே இருந்துட்டா? எப்படித் தெரியும் எனக்கு?"

குல்பாஷ் உள்ள இருந்து கத்தினா: "அப்பா! இந்த மூக்கைப் பாருங்க! இப்படி ஒரு மூக்கு நம்ம வம்சத்துல எங்கயாவது உண்டா?"

அப்பா பாத்தார். பக்கவாட்டுல இருந்தும் பாத்தார். அது ஒரு மூக்கா, மண்வெட்டிக் காம்பா! "இல்ல, இது நம்ம மூக்கு இல்ல"ன்னு நிம்மதியா தலையாட்டிக் கல்யாணத்தை முடிச்சு வெச்சார். மூக்கால பொண்டாட்டி கிடைச்ச ஒரே எழுத்தாளர் நம்ம தபில்டியாத்தான் இருப்பார்.

அந்த ஒத்த நாவலுக்கும் ஒரு கதை இருக்கு. ஒட்டகம் மேய்க்கற ஒருத்தனைப் பத்தின தடி புத்தகம். அச்சாகி வந்துச்சு, வாங்கத்தான் ஆளில்ல. அந்த வருஷம் ரப்பர் பூட்ஸுக்கு ஏகப்பட்ட கிராக்கி. கடைக்காரம்மா ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. பூட்ஸ் வேணும்னா நாவலும் வாங்கணும். ஒரே மாசத்துல அத்தனையும் காலி. அதுக்கப்புறம் தபில்டியைத் தெருவுல பாத்தா ஜனங்க கையப் புடிச்சுக் குலுக்கி, "அண்ணே, உங்க நாவல் வாங்கினேன். நாப்பத்தி மூணாம் சைஸ். விரல்கிட்ட கொஞ்சம் இறுக்கம்"னு சொல்வாங்க. அவரும், "போகப் போக சரியாயிடும்"னு சொல்லி அனுப்புவார்.

அப்புறம்தான் 'உப்புக் கிணறு' நாடகம். எலெமெஸ்னு ஒரு கிணறு தோண்டுறவன். பால்கியான்னு ஒரு பொண்ண முதல் அங்கத்துல பொண்ணு கேட்டு வர்றான். ரெண்டாவதுல கட்டிக்கறான். மூணாவது அங்கத்துல ஊருக்குத் தண்ணி எடுக்கப் போயி கிணத்துக்குள்ள மண்ணு சரிஞ்சு செத்துப் போறான். கோடை வந்ததும் ரெண்டு லாரியில ஏறி பண்ணை பண்ணையா நாடகம் போடப் போவாங்க. லாரி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி, ஓரப்பலகையை இறக்கி விட்டா மேடை. எலெமெஸா நடிக்கறது சகிதுல்லா, வசனம் மறந்து போறதுல பேர் போனவன். அதனால தபில்டியே லாரிக்குப் பின்னாடி தட்டியை ஒட்டி நின்னு வசனம் எடுத்துக் குடுப்பார்.

அக்கும் பண்ணைக்கு வந்தாங்க. சாயங்கால வெயில்ல ஜனமெல்லாம் மணல்ல கம்பளி விரிச்சு உக்காந்திருக்கு. எலெமெஸ் மேடையேறி, "பெரியவரே, உங்க பொண்ணக் கட்டிக்க ஆசைப்படறேன்"னான்.

"நில்லுப்பா!"

முன்வரிசைல இருந்து கனிபா அத்தை எந்திரிச்சு நிக்கறாங்க. அந்தப் பண்ணைக்கே அத்தை அவங்கதான். "பொண்ணு வம்சம் சொல்லிட்டீங்க. மாப்பிள்ள எந்த வம்சம்?"

சகிதுல்லா முழிச்சான். "அத்தை... இது நாடகம்."

"நாடகம்னா? நாடகத்துல அண்ணன் தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ணி வெப்பீங்களா? புள்ளைகுட்டியெல்லாம் பாத்துகிட்டு இருக்கு. ஏழு பேரச் சொல்லச் சொல்லு, இல்லாட்டி லாரிய எடுத்துகிட்டுக் கிளம்புங்க!"

"ஆமா, சொல்லட்டும்! சொல்லட்டும்!"னு கூட்டம்.

லாரிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் ஜெங்கிஸ் தலைல கை வெச்சுகிட்டு உக்காந்துட்டார். சகிதுல்லா மெல்ல தட்டிப் பக்கம் நகந்து வந்து, "அண்ணே, எதையாவது சொல்லுங்கண்ணே, உதைக்கப் போறாங்க"ன்னு முணுமுணுத்தான்.

தபில்டி எதையாவது சொல்லியிருக்கலாம். வாய்க்கு வந்த ஏழு பேர். ஆனா வாய்க்கு வந்தது அந்த ஏழுதான்! விடுதியில தூக்கம் வராம கெடந்தப்ப, போர்வைக்குள்ள ஒவ்வொருத்தரா சேத்து சேத்து அவர் தனக்குத்தானே உண்டாக்கி வெச்சிருந்த ஏழு அப்பன்கள். யார்கிட்டயும் சொன்னதில்ல. குல்பாஷுக்குக்கூடத் தெரியாது. தட்டி ஓட்டை வழியா ஒவ்வொரு பேரா குடுத்தார், சகிதுல்லா உரக்கச் சொன்னான்:

"அப்பா பெக்கென்பாய்! அவர் அப்பா சாரிம்சாக்! அவர் அப்பா குஷிக்பாய்! அப்புறம் இதெம்கென்! தொக்சான்பாய்! ஜொல்தாய்! ஜானுசாக்!"

சொல்லி முடிச்சப்ப தபில்டி, பர்ஸைப் பறிகுடுத்த மாதிரி நெஞ்சைத் தொட்டுப் பாத்துகிட்டார்.

அப்ப பின்னாடி இருந்து எர்சாரி எந்திரிச்சார். ஒட்டகப் பட்டிக்குப் பொறுப்பானவர், கனிபா அத்தையோட அண்ணன் மகன், அறுபது வயசு. தொப்பியைக் கழட்டிக் கையில புடிச்சுகிட்டு நேரா மேடைக்கு வந்தார்.

"குஷிக்பாய் மகன் சாரிம்சாக் எங்க தாத்தா. பஞ்சத்துல எங்க பெரியப்பா, பொண்டாட்டி புள்ளையோட ரயில் பாதையப் பாத்துக் கிளம்பிப் போனார். அதோட சரி. அப்படின்னா இந்த எலெமெஸ்..." தொப்பியை நெஞ்சோட அணைச்சுகிட்டார். "எலெமெஸ் எங்க வீட்டுப் புள்ள!"

அடுத்து நடந்தத எந்த நாடகக் குழுவும் பாத்திருக்காது. எர்சாரி மேடைலயே மாப்பிள்ளை வீட்டுக்காரரா உக்காந்துட்டார். பொண்ணோட அப்பாவா நடிச்ச கிழவர்கிட்ட, பொண்ணுக்குக் குடுக்கற பரிசத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டார். அவர் எழுதி வெச்ச வசனத்தைச் சொல்ல, இவர் "அதெல்லாம் கட்டுப்படியாகாது சம்பந்தி"ன்னு பதில் சொல்ல, முதல் அங்கம் பாதி சாயங்காலத்தைத் தின்னுடுச்சு. மூணாவது அங்கத்துல எலெமெஸ் கிணத்துக்குள்ள போனதும் பொம்பளைங்க ஒப்பாரி எடுத்தாங்க. நாடகம் முடிஞ்சு சகிதுல்லா எழுந்து தலைவணங்க வந்தான். அவனை எல்லாரும் அன்பா தட்டிக் குடுத்து, குதிரைப் பால் குடுத்து, "நல்லா நடிச்சடா தம்பி"ன்னாங்க. அப்புறம் ஒப்பாரியைத் தொடர்ந்தாங்க.

"நான்தான் சாகலையே அத்தை!"ன்னான் சகிதுல்லா.

"நீ ஏன்டா சாகப்போற? செத்தது எலெமெஸ்"னாங்க கனிபா அத்தை, மூக்கைச் சிந்திகிட்டே.

அவங்க கணக்கு ரொம்ப எளிசு. நாடகத்துல எதை வேணா உண்டாக்கலாம், கிணறு, காதல், மந்திரி, என்ன வேணா. ஆனா ஏழு அப்பன் பேரை ஒரு மனுஷன் சும்மா உண்டாக்குவானா? உலகத்துல யாரும் பண்ண மாட்டாங்க. அப்ப எழுதினவர் எங்கயோ கேட்டிருக்கார். ஆள் இருந்திருக்கான். செத்தும் இருக்கான்.

அடுத்த கோடைல எர்சாரி டவுனுக்கே வந்துட்டார், விருந்துக்கு அழைக்க. ஜெங்கிஸ் விஷயத்தைக் கேட்டதும் வெளிறிப் போனார்.

"யோவ் தபில்டி, பழைய சடங்கையெல்லாம் தூண்டி விடற நாடகம்னு மேலிடத்துல ஏற்கெனவே மொணமொணங்கறாங்க. நீ நேரா போற. எல்லார் முன்னாடியும் நின்னு 'எலெமெஸ் என் கற்பனை, அந்த ஏழு பேரும் என் கற்பனை'ன்னு சொல்ற. இல்லாட்டி நாடகத்துக்கு மூடுவிழாதான்."

போற வழில லாரி குலுக்கல்ல தபில்டி குல்பாஷ்கிட்ட எல்லாத்தையும் சொன்னார். போர்வை, ஏழு பேர், எல்லாத்தையும். குல்பாஷ் அவர் பக்கம் திரும்பி உக்காந்தா.

"இத்தன வருஷம் ஏன்யா சொல்லல?"

"சொன்னா பொய்யாயிடுமோன்னு பயம்."

"இப்ப அங்க போயி பொய்னு சொல்லப் போறீங்க."

"ஆமா."

"சொன்னப்புறம் உங்ககிட்ட என்ன மிச்சம் இருக்கும்?"

தபில்டி தன் மூக்கைத் தடவிகிட்டார். அதுதான் பதில்.

விருந்துல அவரை வாசலுக்கு நேர் எதிரே, மதிப்பான இடத்துல உக்கார வெச்சாங்க. சாவுச் செய்தி கொண்டு வந்தவராச்சே! ஆவி பறக்க, பெரிய விருந்தாளிதான் அறுக்கணும்ங்கற ஆட்டுத் தலை அவர் முன்னால வந்துச்சு. எர்சாரி கத்தியை நீட்டி, "அறுங்க"ன்னார்.

தபில்டி கத்தியை வாங்கினார். தலை அவரைப் பாத்துச்சு. அவர் தலையைப் பாத்தார். கத்தியைக் கீழ வெச்சுட்டு எந்திரிச்சார்.

"என்னை மன்னிச்சிடுங்க. எலெமெஸ்னு யாரும் கிடையாது. நான் எழுதினது. அந்த ஏழு பேரும் நான் உண்டாக்கினதுதான்."

கூடாரத்துல மென்னுகிட்டு இருந்த வாயெல்லாம் அப்படியே நின்னுச்சு.

"எழுதறப்ப உண்டாக்கினீங்களா?"ன்னு எர்சாரி கேட்டார்.

"இல்லண்ணே. சின்ன வயசுல. அநாதை விடுதியில. எனக்காக."

"உங்களுக்காகவா? எங்க கிடைச்சீங்க நீங்க?"

"ஸ்டேஷன்ல. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி."

எர்சாரி மெல்ல எல்லார் முகத்தையும் ஒரு தடவ பாத்தார். அப்புறம் சத்தமா, "அப்ப இவன் உண்டாக்கலடா! இவனுக்கு நெனப்பிருக்கு!"ன்னார்.

கூடாரம் கொந்தளிச்சுப் போச்சு. தபில்டி ரெண்டு கையையும் தூக்கி, "இல்லண்ணே, கேளுங்க! சாரிம்சாக்னு ஏன் வெச்சேன் தெரியுமா? விடுதி சமையல்காரர் தாராஸ் கையில எப்பவும் பூண்டு வாசம். சாரிம்சாக்னா பூண்டுதானே? அதான்!"ன்னார்.

"என்னது?" கனிபா அத்தை எந்திரிச்சுட்டாங்க. "எங்க அப்பா சாரிம்சாக் உக்ரைன்காரனா? சமையல்காரனா? அவருக்கு வெந்நீர் வெக்கக்கூடத் தெரியாதுப்பா!"

"உங்க அப்பாவைச் சொல்லல அத்தை! என் தாத்தா..."

"அதான், என் அப்பா உன் தாத்தா! சரியாத்தானே சொல்றேன்!"

"பெக்கென்பாய்? உங்க பெரியப்பா பேரு அதுவா?"ன்னு தபில்டி எர்சாரி பக்கம் திரும்பினார். நாடகக்காரர் இல்லையா, ஓட்டை எங்கன்னு தெரியும் அவருக்கு.

எர்சாரி கொஞ்சம் நெளிஞ்சார். "அவர் பேரு வேற. ஆனா பஞ்சத்துல யாரு சொந்தப் பேர்ல சுத்தினா?"

"இதெம்கென்? தொக்சான்பாய்? ஜொல்தாய்? ஜானுசாக்?"

"அந்த நாலும் எங்க வரிசைல வேற மாதிரிதான் இருந்துச்சு. போன குளிர்காலம் பூரா பெரியவங்க உக்காந்து பேசினோம். நாங்கதான் தப்பா நெனப்பு வெச்சிருந்தோம்னு முடிவாயிடுச்சு. மாத்திட்டோம். இப்ப எங்க புள்ளைங்கெல்லாம் உங்க வரிசையத்தான் சொல்லுது."

தபில்டிக்குத் தலை சுத்துச்சு. ஒரு வம்சமே அவருக்காக நாலு பாட்டனைத் தூக்கிக் குடுத்துட்டு நிக்குது! கடைசி ஆயுதமா அவர் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

"சரி, இதைப் பாருங்க. உங்கள்ல யாருக்காவது இருக்கா?"

எல்லாரும் அவர் மூக்கைப் பாத்தாங்க. அப்புறம் ஒருத்தர் மூக்கை ஒருத்தர் பாத்துகிட்டாங்க. கூடாரம் நெறைய சின்ன, அடக்கமான, அழகான மூக்கு. ஒண்ணுகூட ஒத்து வரல. குல்பாஷ் தலைத்துணி நுனிய வாய்ல வெச்சு அழுத்திகிட்டா, சிரிப்பா அழுகையான்னு தெரியல. எர்சாரியோட தோள் மெல்லத் தொங்கிப் போச்சு.

கனிபா அத்தை கிட்ட வந்தாங்க. அந்த மூக்கை ரெண்டு விரலால புடிச்சு இப்படியும் அப்படியும் திருப்பிப் பாத்தாங்க.

"இது அவங்க அம்மா வழி"ன்னாங்க.

அவ்வளவுதான். தீர்ந்துச்சு! கூடாரம் முழுக்க "ஆமாமா, அம்மா வழி, அம்மா வழி"ன்னு மூச்சு விட்டுச்சு. எர்சாரி ஓடி வந்து கட்டிகிட்டார். "உன் நாவல்ல ஒட்டகத்துக்குப் பிரசவம் பாக்கற இடம் வருதுல்ல? எங்க வீட்டுல பாக்கற மாதிரியே எழுதியிருக்கடா! பூட்ஸ் எப்பவோ கிழிஞ்சு போச்சு, அந்தப் பக்கத்தை மட்டும் இன்னும் படிச்சுகிட்டே இருக்கேன்"னு அவர் காதுகிட்ட சொன்னார். அந்த நாவலை ஒருத்தர் படிச்சிருக்கார்ங்கறதே தபில்டிக்கு அப்பதான் தெரியும். எதை நெனச்சு அழுதார்னு சொல்ல முடியாது. ஆனா அப்படி அழுதார் மனுஷன்.

அழுதுகிட்டே, "தாராஸ்?"னு கேட்டார். "அவர் பேருதான் என் பேருக்குப் பின்னாடி இருக்கு. அவரை விட்டுட்டு வர முடியாது அத்தை."

"கஞ்சி ஊத்துனானா?"

"ஊத்துனார்."

"பஞ்சத்துலயா?"

"பஞ்சத்துலதான்."

"அப்ப அவனையும் சேத்துக்கோ. முதல்ல சொல்லு அவன் பேரை."

தபில்டி இப்ப அந்த வீட்டு ஆள், எலெமெஸுக்கும் அவருக்கும் ஏழு பேரும் ஒண்ணுதான், அதனால அவனுக்கு அண்ணன். அவரை வாசல்ல நிக்க வெச்சு வந்தவங்கெல்லாம் கட்டிப் புடிச்சு துக்கம் விசாரிச்சாங்க. தானே எழுதி, தானே கிணத்துல தள்ளின ஒருத்தனுக்காக "தம்பி, தம்பி"ன்னு அவரும் தேம்பினார். அது நடிப்பே இல்லன்னு பக்கத்துல நின்ன குல்பாஷுக்கு நல்லா தெரியும்.

எல்லாம் முடிஞ்சு டீ குடிக்கறப்ப கனிபா அத்தை கோப்பையைக் கீழ வெச்சாங்க. "ஒரு விஷயம் பாக்கி இருக்கு. தம்பி செத்தா அவன் பொண்டாட்டிய அண்ணன்தான் கட்டிக்கணும், அதான் நம்ம வழக்கம். பால்கியாவை என்ன பண்ணப் போற?"

"அத்தை, பால்கியா நாடகத்துல..."

"எலெமெஸ்கூட நாடகத்துலதான்!"

குல்பாஷ் டீக்கோப்பையை நிதானமா வெச்சா. "அத்தை, அந்தப் பொண்ணு எங்க ரெண்டு ரூம் வீட்டுக்குள்ள வந்தா, உங்க புள்ளையாண்டான் கிணத்துக்குள்ள போயிடுவார். சொல்லிட்டேன்."

திரும்பி வந்ததும் ஜெங்கிஸ் ஓடி வந்தார். "சொன்னியா?"

"எல்லாத்தையும் சொன்னேன்."

"எல்லார் முன்னாடியும்?"

"எல்லார் முன்னாடியும்."

"நம்புனாங்களா?"

"அது உங்க உத்தரவுல இல்லையே"ன்னுட்டு தபில்டி நாலாவது அங்கம் எழுத உக்காந்தார். பால்கியாவை ஒரு நல்ல டிராக்டர் டிரைவருக்குக் கட்டிக் குடுத்தாகணும், வீட்டு நிம்மதிக்காக. அந்த டிரைவருக்கும் ஏழு பேர் வேணுமே! இந்தத் தடவ ஏற்கெனவே யாருக்காவது இருக்கற பேரா இருந்துடப் போகுதுன்னு பயந்து பயந்து தேடினார்.

மறு கோடை அக்கும்ல அதே மணல், அதே ரெண்டு லாரி. சகிதுல்லா பொண்ணு கேட்டு வந்து நின்னான். கனிபா அத்தை முன்வரிசைல எந்திரிச்சு, "எந்த வம்சம்பா?"ன்னாங்க, முதல் தடவ கேக்கற மாதிரியே. சகிதுல்லா வழக்கம்போல மறந்துட்டுத் தட்டிப் பக்கம் திரும்பினான்.

தபில்டி வாயைத் திறந்தார். அதுக்குள்ள மணல்ல உக்காந்திருந்த அத்தன பேரும், தாடிக்காரங்க, புள்ளத்தாச்சிங்க, பல்லு விழுந்த வாண்டுங்க எல்லாரும் ஒரே குரல்ல ஆரம்பிச்சாங்க: "தாராஸ்! பெக்கென்பாய்! சாரிம்சாக்! குஷிக்பாய்..." ஜானுசாக் வரைக்கும் சொல்லிட்டும் நிறுத்தல. "எலெமெஸ்! அவன் அண்ணன் தபில்டி!"

தட்டிக்குப் பின்னாடி அவர் வசனத் தாளைத் தரையில வெச்சுட்டு, லாரிச் சக்கரத்து மேல சாஞ்சு உக்காந்துட்டார். அந்த அங்கம் முடியற வரைக்கும் சகிதுல்லாவுக்கு ஒரு வசனம்கூட வந்து சேரல. அவன் பாட்டுக்கு எதையோ சொல்லிகிட்டிருந்தான். யாரும் கண்டுக்கல.